திரைக்கு ஒரு கிராணி வேண்டும்

சித்திரை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கல்லாவுக்கு மேலே பெரிய திரை. அதில் தீபாவளி வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது: குத்துவிளக்கு, மத்தாப்பு, முதலாளி தம்பதியின் கூப்பிய கைகள். வாழ்த்து முடிந்ததும் வாழையிலைச் சாப்பாட்டின் விலை வந்தது. அந்த விலை தெரியும் இடத்தில், திரைக் கண்ணாடியின் மேலேயே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, மார்க்கர் பேனாவால் புது விலையை எழுதி வைத்திருந்தார்கள்.

"ஏங்கா, திரையிலயே மாத்திடலாமே?" என்று கேட்டேன்.

"மாத்தத் தெரிஞ்ச பையன் தீபாவளி முடிஞ்ச கையோட பினாங்குக்கு வேலைக்குப் போயிட்டான் தம்பி. அவன் லீவுல வந்தாத்தான்," என்றார் கல்லாவில் இருந்த அக்கா.

திரைக்கான தவணையை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாள் ஒட்டிய பசை, கண்ணாடியில் மஞ்சளாகப் படிந்துவிட்டது.

சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ், பீடோங், அலோர் ஸ்டார் என்று மலேசியாவின் கெடா மாநிலத்தில் இந்தக் கட்டுரைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். நகைக்கடை, துணிக்கடை, மளிகை, கிளினிக், முடிதிருத்தும் நிலையம், கோயில் மண்டபம் என எங்கு பார்த்தாலும் இப்போது திரை இருக்கிறது. அவற்றில் உயிரோடு இருப்பவை குறைவு. சில "சிக்னல் இல்லை" என்று நீல நிறத்தில் நிற்கின்றன. சில, வாங்கும்போது உள்ளே இருந்த கடல் மீன் படத்தையே வருடக்கணக்கில் காட்டுகின்றன. சில, முதலாளியின் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு ஒதுங்கிவிட்டன. நம்மவர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த காசு இது. அது சுவரில் தொங்கிக்கொண்டு வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கரும்பலகையும் ஈரத்துணியும்

நான் வளர்ந்தது பீடோங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில். அங்கே ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் தண்டல் பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார். அதெல்லாம் வாய்வழிச் செய்தி. பலகையில் வருவது வேறு: சம்பளம் போடும் நாள், மருந்து அடிக்கப்போகும் காட்டின் எண், டிரஸ்ஸர் வரும் கிழமை, மாரியம்மன் திருவிழாவுக்கு வேலை நிறுத்தும் நாள், திடலில் படம் காட்டும் இரவு.

எழுதுபவர் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸின் இளைய குமாஸ்தா. மத்தியானம் பால் நிறுத்து முடிந்து ஸ்டோரைப் பூட்டியதும் ஈரத்துணியோடு வருவார். முதலில் முழுப் பலகையையும் துடைப்பார். அது காயும்வரை நிழலில் நின்று ஒரு சுருட்டு. பிறகுதான் எழுத்து. நேற்றைய செய்தி இன்றும் பொருந்தும் என்றாலும் துடைத்துவிட்டுத்தான் திரும்ப எழுதுவார். அதனால் பலகையில் இருப்பது இன்றைக்கு உண்மை என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, மூன்றாம் வகுப்பில் இருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "என்னடா போட்டிருக்கு, வாசி" என்பாள்.

இன்று அந்தத் தோட்டத்தில் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகள் இல்லை. அங்கிருந்து பட்டணத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று கடை வைத்து, திரை மாட்டுகிறார்கள். கரும்பலகைக்கு ஆன செலவு சில வெள்ளிதான். ஆனால் அதற்கு ஒரு கிராணி இருந்தார். ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டிய திரைக்கு அப்படி ஒருவர் இல்லை. நான் பார்த்த கடைகளில் பெரும்பாலானவற்றின் குறை இதில்தான் தொடங்குகிறது.

அறிவிப்பு என்பது கெடா மக்களுக்குப் புதிதில்லை. சுங்கை பட்டாணியின் மணிக்கூண்டு 1936-இல் எழும்பியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாக, ரப்பர் தோட்ட உரிமையாளர் லிம் லியன் தெங் கட்டிக் கொடுத்தது. கைக்கடிகாரம் இல்லாத ஊருக்கு நேரத்தை அறிவித்தது அதுதான். பாலிங், சிக் பக்கம் போனால் ரப்பர் வாங்கும் கடைகளின் வாசலில் அன்றைய ஒட்டுப்பால் விலையை எழுதிய பலகையைப் பார்க்கலாம். சிறுதோட்டக்காரனுக்கு அந்த ஓர் எண்தான் அன்றைய உலகச் செய்தி. 1974 நவம்பரில் அந்த எண் சரிந்தபோதுதான் பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் பசியோடு வீதிக்கு வந்தார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள்.

இப்போதும் மலேசிய ரப்பர் வாரியம் நாள்தோறும் விலையை அறிவிக்கிறது. ஒட்டுப்பாலின் மாத சராசரி விலை கிலோவுக்கு 3 வெள்ளிக்குக் கீழே போனால் அரசின் உற்பத்தி ஊக்கத்தொகை கிடைக்கும். 2024-க்கு முன் அந்த வரம்பு 2 வெள்ளி 70 காசாக இருந்தது. விலையோடு சேர்த்து இதையும் காட்டும் ஒரு சின்னத் திரை ரப்பர் கடை வாசலில் இருந்தால், விவரம் தெரியாமல் உரிய தொகையைக் கோராமல் விடுபவர்கள் குறைவார்கள். டிஜிட்டல் போர்டு நகைக்கடைக்கும் பேரங்காடிக்கும்தான் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும்.

கூலிமில் பிறக்கும் வெளிச்சம்

மின்விளக்கில் ஓடும் எழுத்தின் கதை தொலைவிலிருந்து வருகிறது. நியூயார்க் டைம்ஸ் கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ 15,000 மின்விளக்குகளில் செய்தி வரி ஓடத் தொடங்கியது 1928-இல். அதன்பின் பல பத்தாண்டுகள் ஓடும் எழுத்து என்றாலே ஒற்றை நிறம்தான். நம் கிளினிக்குகளில் எண் கூப்பிடும் பலகை வெறும் சிவப்பில் இருந்தது நினைவிருக்கும். பிரகாசமான நீல ஒளி தரும் எல்.இ.டி.யை 1990-களின் தொடக்கம்வரை யாராலும் சரியாகச் செய்ய முடியவில்லை என்பதே காரணம். ஜப்பானைச் சேர்ந்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ, ஷூஜி நகமுரா மூவரும் அதைச் சாதித்தார்கள். 2014-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நீலம் வந்த பிறகுதான் சிவப்பு, பச்சையோடு சேர்ந்து எல்லா நிறமும் எல்.இ.டி. திரைக்கு வந்தது.

இந்தக் கதையில் கெடாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவில், ஓஸ்ராம் நிறுவனம் 2017-இல் எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் ஏஎம்எஸ் ஓஸ்ராம். அடுத்த தலைமுறையான மைக்ரோ எல்.இ.டி.க்காக அங்கே பெரும் முதலீட்டில் இன்னொரு ஆலை எழும்பியது. 2024 பிப்ரவரியில் அதற்கான முக்கியத் திட்டம் ரத்தானபோது அந்த நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. சுற்றியிருக்கும் பாடாங் செராய், லூனாஸ் பகுதிகளிலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறிப் போகும் நம் பிள்ளைகள், உலகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும் பூங்காவில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீடு திரும்பும் வழியில் இருக்கும் தமிழ்க் கடையின் திரை ஏன் இருண்டு கிடக்க வேண்டும்?

கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம்

திரை வாங்கக் கிளம்பும் முதலாளி முதலில் கேட்பது "எத்தனை இஞ்சு?" என்பதுதான். அலோர் ஸ்டாரில் ஒரு துணிக்கடைக்காரர் வேறு மாதிரி தொடங்கினார். ஒரு வாரம் கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். வாடிக்கையாளர் வாய்திறந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் கல்லாப் பெண் ஒரு கோடு போட்டுக் குறிக்க வேண்டும். வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், அதிகமாகக் கேட்கப்பட்டது புடவை விலை இல்லையாம். "ரவிக்கை தைச்சுக் கொடுப்பீங்களா, எத்தனை நாளாகும்?" என்பதுதான். திரையின் முதல் பக்கம் அப்படித்தான் முடிவானது: ரவிக்கை தைப்போம், இத்தனை நாள், இத்தனை வெள்ளி.

இதைவிட நல்ல திட்டமிடலை நான் எந்த ஆலோசகரிடமும் கேட்டதில்லை. திரை என்ன சொல்ல வேண்டும் என்பதை வாடிக்கையாளரின் கேள்வியே சொல்லிவிடுகிறது.

அடுத்தது, அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது. வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அவருக்கு ஒரு படமும் நான்கு சொல்லும் போதும். கல்லா வரிசையில் நிற்பவருக்குச் சில நிமிடம் உண்டு; விலைப்பட்டியல் அவருக்கு. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அரை மணி நேரம். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி நிதி விருந்து போன்ற ஊர்ச் செய்திகளை அவர் படிப்பார். இந்த மூவருக்கும் ஒரே திரையில் ஒரே படத்தை ஓட்டினால் மூவருமே படிப்பதில்லை. நகைக்கடைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வாசலில் அன்றைய 916 தங்கத்தின் கிராம் விலை மட்டும், பெரிய எண்ணில். உள்ளே வந்த பிறகுதான் செய்கூலி, மாடல், தவணை எல்லாம்.

நேரமும் கிழமையும் ஊருக்கு ஊர் மாறும். கோலாலம்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு கடைத்தொடர், வார இறுதிச் சலுகை விளம்பரத்தை எல்லாக் கிளைகளுக்கும் சனி, ஞாயிறு என்று நேரம் குறித்து அனுப்பியது. கெடாவில் விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்து போனது; திரையில் சாதாரண விலை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்க, காலிக் கடையில் சலுகை ஓடியது. கூலிமில் இன்னொன்று: பல தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர், காலை ஏழரை மணிக்குச் சோறும் மீன் குழம்பும் கேட்பார். அந்த நேரத்தில் திரையில் தோசையும் ரொட்டி சானாயும் மட்டும் வந்தால், சோறு இல்லை என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திரையில் ஒரு விலை, பில்லில் வேறு விலை என்றால் அது வெறும் சங்கடத்தோடு முடியாது. விலை குறித்துத் தவறான எண்ணம் தருவது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் முதலில் சொன்ன கடையில் அந்த அக்கா தாளை ஒட்டியது, அந்த வகையில் நேர்மையான காரியம்தான்.

கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

தமிழுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன்.

ஒரு கடைத் திரையில் "கொத்தமல்லி" என்ற சொல்லைப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. அதற்கும் அடுத்து ஒரு புள்ளி வட்டம், அதன் தோளில் துணைக்கால். மெய்யெழுத்துகளின் புள்ளி, எழுத்தின் மேல் உட்காராமல் பக்கத்தில் தனியாக மிதந்தது. கடைக்காரருக்கு அது தெரியும். "தம்பி, போன்ல சரியா தெரியுது, இதுல போட்டா பிச்சுக்கிட்டு நிக்குது. செஞ்சு கொடுத்தவங்களக் கேட்டா, தமிழ்னா அப்படித்தான் வரும்னு சொல்றாங்க," என்றார்.

தமிழ் என்றால் அப்படி வராது. கணினியில் "கொ" என்பது ககரமும் ஒகரக் குறியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுபோய், காலைப் பின்னே வைத்து எழுத்தாகக் கோத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. கைப்பேசி அதைச் செய்கிறது. விலை மலிந்த திரைப் பெட்டிகள் சிலவற்றிலும், தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை இயக்காமல் விட்ட வடிவமைப்பு மென்பொருள்களிலும் அந்தக் கோப்பு வேலை நடப்பதில்லை. அவ்வளவுதான் கோளாறு. தமிழ் ஒழுங்காக வரும் மென்பொருளில் செய்தியை அமைத்து, படமாக மாற்றித் திரைக்கு அனுப்பினால் எந்த மலிவுப் பெட்டியிலும் எழுத்து சிதையாது. தமிழ் எழுத்துரு உள்ள ஆண்ட்ராய்டு பெட்டியாகப் பார்த்து வாங்கினால் அந்தச் சுற்று வழியும் வேண்டாம்.

பெரிய இடங்களுக்கும் இந்தச் சறுக்கல் நேர்ந்திருக்கிறது. 2017-இல் சிங்கப்பூரின் தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பரத் தாளில் தமிழ் வரி சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்திருக்கும் நாட்டிலேயே, தமிழ் தெரிந்த ஒருவர் கடைசியாக ஒரு தடவை பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும் பிழை.

நாம் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. கணினியில் தமிழை ஒழுங்காகக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஒரு மலேசியர். முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். கைப்பேசிக்குச் செல்லினம் தந்தவரும் அவரே. ஆப்பிள் கருவிகளில் தமிழ் எழுத்துருக்களின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.என். என்ற இரண்டெழுத்து அவருடையது. நம் நாட்டுக்காரர் ஒருவர் உலகத்துக்குக் கொடுத்த எழுத்தை, நம் கடைத் திரையில் பிய்த்துப் போட்டுவிட்டு "அப்படித்தான் வரும்" என்பதை ஏற்க முடியாது.

எழுத்தின் அளவும் முக்கியம். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது ஆங்கில எழுத்துக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. தமிழில் சொல் நீளம்; சுழி, கொம்பு, புள்ளி எல்லாம் நுணுக்கம். ஒன்றரை மடங்காவது கூட்டிப் போடுவது நல்லது. வாசலில் மாட்டும் எல்.இ.டி. பலகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். விளக்குப் புள்ளிகளுக்கு இடையில் பத்து மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பலகையைப் பத்து மீட்டருக்கு அப்பால் இருந்து பார்த்தால்தான் எழுத்து கூடிவரும். சின்ன எழுத்தாகப் போட்டால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். "பால்" என்பது "பால" ஆகிவிடும், "தள்ளுபடி" என்பது "தளளுபடி" ஆகிவிடும்.

நம் ஊர்த் தமிழுக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. நமக்கு வெள்ளி என்றால் காசு. வெள்ளி என்றால் கிழமையும். ஒரு கடையில் "வெள்ளி 12 மட்டும்" என்று திரையில் ஓடியது. பன்னிரண்டு வெள்ளிக்குப் பிரியாணியா, பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணியா? அதுவும் வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருக்கும் கெடாவில். "12 வெள்ளி" என்று எண்ணை முன்னே போட்டால் சிக்கல் தீர்ந்தது.

அனுமதியும் இடியும்

கடைக்கு வெளியே தெரியும் எந்த விளம்பரப் பலகைக்கும் ஊராட்சியின் உரிமம் வேண்டும். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நகராண்மைக் கழகமும் விளம்பரத் துணைச்சட்டம் வைத்திருக்கிறது. பலகையில் தேசிய மொழி கட்டாயம். பிற மொழி சேரும்போது மலாய் எழுத்துதான் அளவிலும் இடத்திலும் முதன்மையாக இருக்க வேண்டும். மலாய் வாசகம் சரிதானா என்று டேவான் பஹாசா டான் புஸ்தாகா பார்த்து ஒப்புதல் தரும். சாலையோரப் பெரிய பலகைக்குப் பொதுப்பணித் துறையிடமும் போக வேண்டியிருக்கும். திரையில் படம் மாறிக்கொண்டே இருப்பதால் எதற்கு ஒப்புதல் கேட்பது என்று பலர் குழம்புகிறார்கள். சுங்கை பட்டாணியோ கூலிமோ, பலகையை வாங்கும் முன்பே நகராண்மைக் கழக உரிமப் பிரிவுக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். வாங்கி மாட்டிய பிறகு கழற்றச் சொன்னால் நட்டம் முழுவதும் உங்களுடையது. தமிழுக்கு இடமில்லையோ என்ற தயக்கமும் வேண்டாம். மலாய் முதன்மையாக இருக்க, தமிழ் அதன் கீழே தெளிவாக நிற்கலாம். இருக்கும் அந்த இடத்தையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிடுவது நம் கடைக்காரர்கள் தாங்களே எடுக்கும் முடிவு.

கடைக்குள் படப்பாடல் காட்சிகளை ஓட்டுவதும் பதிப்புரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. இசைக்கு உரிமம் எடுக்க வேண்டும்.

கருவி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுத் தொலைக்காட்சியைக் கடையில் மாட்டாதீர்கள். அது தினம் ஐந்தாறு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. பதினாறு மணி நேரம் ஓட்டினால் சீக்கிரம் மங்கும், உத்தரவாதமும் செல்லாது. அதன் வெளிச்சம் பெரும்பாலும் 300 நிட் அளவில்தான் இருக்கும். வெயில் விழும் கண்ணாடிச் சன்னலுக்கு 2,000 நிட்டுக்கு மேல் வேண்டும்; திறந்தவெளிப் பலகைக்கு 5,000 போல. வணிகத் திரையின் விலை இரண்டு மூன்று மடங்கு என்பது உண்மைதான். அதைத் தாங்க முடியாதவர்கள், வெயில் படாத உட்சுவரில் சிறிய திரையாக மாட்டுவது நல்லது. மின்சாரத்துக்கு அஞ்ச வேண்டாம். நூறு வாட் திரை தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் 36 யூனிட். யூனிட் அரை வெள்ளி என்று வைத்தாலும் 18 வெள்ளிதான்.

அஞ்ச வேண்டியது இடிக்கு. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் ஜெராய் மலைமேல் கருமேகம் கூடினால் என்ன வரும் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடிமின்னலால் எழும் மின்னழுத்தம் மின்கம்பி வழியாகவும் வரும், இணையக் கம்பி வழியாகவும் வரும். மின்னழுத்தக் காப்பு இரண்டுக்கும் வேண்டும். நான் பார்த்த ஒரு கடையில் மின்கம்பிக்கு மட்டும் காப்பு வைத்து, இணையக் கம்பி வழியே பெட்டி எரிந்திருந்தது. இன்னொரு கடையில் எரிந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே காய்ந்த பல்லி. காற்றுத் துளைக்கு நுண்வலை போட மறந்திருக்கிறார்கள்.

எண் யார் பக்கம் திரும்பியிருக்கிறது

பழைய தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். தோம்பைத் தூக்கி வந்து வைத்துவிட்டு என் பாட்டி நிற்பாள். கிராணி தராசைப் பார்ப்பார், பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக்கை அதில் விட்டுப் பார்ப்பார், புத்தகத்தில் எழுதுவார். அந்த எண் பாட்டிக்குத் தெரியாது. சம்பள நாளில் வருகிற காசுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. "எவ்வளவு போட்டாங்களோ" என்று வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தேகம் எனக்கு இன்னும் கேட்கிறது. கரும்பலகையை அவ்வளவு நேர்மையாக எழுதிய அதே கிராணியின் புத்தகத்தை அவள் நம்பவில்லை. பலகை அவளைப் பார்த்து இருந்தது; புத்தகம் அவரைப் பார்த்து இருந்தது.

இன்று செம்பனை ஆலைகளின் எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் வெளியே பெரிய சிவப்பு எண்ணில் எடை தெரிகிறது. ஓட்டுநரும் பார்க்கிறார், உள்ளே இருக்கும் குமாஸ்தாவும் பார்க்கிறார். வாதம் இல்லை. தோட்டங்களில் திரை வைக்க நினைக்கும் நிர்வாகங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: முதல் திரையை ஆபீஸ் வரவேற்பறையில் மாட்டாதீர்கள். பெரட்டுக் களத்தில் மாட்டுங்கள். நேற்று யார் எத்தனை குலை வெட்டினார், எத்தனை கிலோ, இந்த மாதம் இதுவரை எவ்வளவு என்று வேலையாளின் எண்ணால் காட்டுங்கள். இன்று அங்கே நிற்பவர்களில் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளிகள்தான் அதிகம். மருந்து அடித்த காட்டுக்குள் போகாதே என்ற எச்சரிக்கையை மலாயில் மட்டும் எழுதினால் வங்காளம் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அது கோடும் வளைவும்தான். படமும் அவரவர் மொழியும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு நான் இருந்தேன். கடல் தாண்டி வந்தவருக்கு வாசித்துச் சொல்லப் பேரன் இல்லை.

ஒன்றில் தொடங்குங்கள்

மூன்று கிளைகள் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், ஒரே நாளில் மூன்றிலும் சேர்த்து ஒன்பது திரை மாட்டினார். ஆறு மாதத்தில் இரண்டு மட்டும் ஓடின. இன்னொருவர் ஒரு கிளையில் ஒன்றை மாட்டி மூன்று மாதம் பார்த்தார். எந்தச் சரக்கைத் திரையில் காட்டினோமோ, அது விற்றதா என்று பில் புத்தகத்தைப் புரட்டினார். காட்டாத கிளையோடு ஒப்பிட்டார். பிறகுதான் அடுத்த திரை. அவரிடம் இப்போது ஐந்து இருக்கின்றன, ஐந்தும் ஓடுகின்றன.

அவர் கடையில் ஒரு நோட்டு இருக்கிறது. திரைப் பெட்டியின் கடவுச்சொல், செய்து கொடுத்தவரின் தொலைபேசி எண், ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டியவர் பெயர், அவர் வராத நாளில் மாற்றுபவர் பெயர். ஒவ்வொரு செய்திக்கும் தொடங்கும் நாளோடு முடியும் நாளும் எழுதப்பட்டிருக்கிறது. முடியும் நாளை மென்பொருளிலும் பதிந்துவிடுகிறார்கள். மறந்தாலும் அது தானே இறங்கிவிடும். இணையம் போனாலும் பெட்டி தன்னுள் சேமித்த படத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இதற்கு மாதச் சந்தா கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. சிபோ போன்ற திறமூல மென்பொருள்களும் இருக்கின்றன. காலையில் திரையை மாற்றுபவர் கடையில் பத்து வருடமாக அரிசி நிறுக்கும் பெண். கைப்பேசியில் குடும்பப் படங்களை அனுப்பத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மத்தியானம்தான் ஆனதாம். அந்த வேலைக்காக அவருக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

சுங்கை பட்டாணி அக்காவுக்கும் இதைச் சொன்னேன். அவர் மருமகள் அன்றே கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டாள். தீபாவளி வாழ்த்து இறங்கியது. கண்ணாடியில் ஒட்டிய பசை மட்டும் வெந்நீர் போட்டுத் துடைத்தும் முழுதாகப் போகவில்லை.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, திரை விற்க வருபவர் அளவையும் தவணையையும் சொல்லி முடிக்கட்டும். பிறகு இந்த ஒரு வரியை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்: "ஸ்ரீ கௌரி கடையில் கொத்தமல்லித் துவையலும் கோழிக் குழம்பும் 12 வெள்ளி." அவர் விற்கும் பெட்டியில், அவர் விற்கும் திரையில், இதை உங்கள் கண்முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பத்தடி தள்ளி நின்று, வீட்டில் வயதான ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் நின்று, அவரும் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டால் முன்பணம் கொடுங்கள்.